பள்ளிக்கூடத்தில் சேர்த்த கிரெடிட் கம்பஸில் செல்லுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சொல்லைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: கிரெடிட். நம்மூரில் அந்தச் சொல்லே ஒரு குழப்பம். ஓ/எல் பெறுபேறு வந்த அன்று "மகனுக்கு ஏழு ஏ, ஒரு பி, ஒரு கிரெடிட்" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்கிறோமே, அது சி என்கிற திறமைச் சித்தி. கம்பஸ்காரர்கள் சொல்லும் கிரெடிட் வேறு. ஒரு பாடத்துக்கு எத்தனை மணித்தியாலம் உழைத்தாய் என்று அளக்கிற அளவு அது, அரிசிக்குக் கொத்து மாதிரி. ஊருக்கு ஊர் கொத்தின் பருமன் மாறுவதுதான் தொல்லை. ஆறு கடிதங்களை எடுத்திருக்கிறேன், முதலாவதுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

*

மிஸ், கணவரின் வேலைக்காக ஆறு வருடம் டெக்சாஸில் இருந்துவிட்டு இப்போது வெள்ளவத்தைக்கே திரும்பிவிட்டோம். மகள் அங்கே 11ஆம், 12ஆம் வகுப்புப் படிக்கும்போதே பக்கத்து கொமியூனிட்டி கொலேஜில் டூவல் கிரெடிட் என்று ஒன்பது பாடம் செய்து 27 கிரெடிட் வைத்திருக்கிறாள். ஏபி பரீட்சையும் இரண்டு எழுதினாள். கல்குலஸ் (AB) தாளுக்கு 4, உலக வரலாற்றுக்கு 3. "ஒரு வருசம் மிச்சம், மூன்றே வருசத்தில் எஞ்சினியர்" என்று மாமி வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். கலிபோர்னியா, ரொறன்ரோ, இல்லாவிட்டால் இங்கேயே ஏதாவது என்று யோசிக்கிறோம். 27உம் செல்லுமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

மாமி வீட்டாரின் கூட்டல் சரி தங்கச்சி. அமெரிக்காவில் ஒரு பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட், வருடத்துக்கு 30. கையில் 27 இருந்தால் ஒரு வருடம் போய்விட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் கிரெடிட்டைக் கொடுத்தது கொமியூனிட்டி கொலேஜ். அது செல்லுமா என்று சொல்லப்போவது மகள் சேரப்போகும் பல்கலைக்கழகம். அதுவும் இரண்டு தரம் பார்த்துச் சொல்வார்கள். முதலில் "ஏற்கிறோம்" என்பார்கள். பிறகு அதை எந்தக் கணக்கில் கழிப்பது என்று பார்ப்பார்கள். இந்த இரண்டாவது இடத்தில்தான் பல பேர் விழுகிறார்கள், ஏனென்றால் முதற்கடிதத்தில் 27 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லி முடித்திருப்பார்கள்.

ஒன்பது பாடமும் என்னென்ன என்று நீங்கள் எழுதவில்லை. டெக்சாஸில் பள்ளிப் பிள்ளைகள் வழக்கமாக எடுப்பதை வைத்துச் சொல்கிறேன்: ஆங்கிலக் கட்டுரை எழுதுவதில் இரண்டு, அமெரிக்க வரலாற்றில் இரண்டு, அரசாங்க முறையில் இரண்டு, பொருளியல், உளவியல், கொலேஜ் அல்ஜீப்ரா. இவையெல்லாம் அந்த மாநிலத்தின் பொதுப் பாடத் தொகுதிக்குள் வருபவை. அந்தத் தொகுதி 42 கிரெடிட். மாநிலத்தின் அரச பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் மற்றதன் பொதுப் பாடங்களை ஏற்க வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது, பாட இலக்கங்களும் பொதுவானவை. ஆகவே மகள் டெக்சாஸிலேயே ஓர் அரச பல்கலைக்கழகத்துக்குப் போனால் இந்தப் பாடங்கள் சிரமமில்லாமல் உள்ளே போய்விடும். மாநில எல்லையைத் தாண்டினால் அந்த விதி கூடவே வராது. கலிபோர்னியாக்காரர் தன் பட்டியலைப் பார்ப்பார், ரொறன்ரோக்காரர் தன் பட்டியலைப் பார்ப்பார்.

எங்கே போனாலும் எஞ்சினியரிங்குக்கு வேறொரு சிக்கல் உண்டு. அந்தப் படிப்பு ஏணி மாதிரி: கல்குலஸ் ஒன்று முடித்தால்தான் இரண்டு, இரண்டு முடித்தால்தான் மூன்று, அதற்குப் பிறகு வகைக்கெழுச் சமன்பாடு, பக்கத்திலேயே பௌதிகம் தன் வரிசையில் ஏறிக்கொண்டிருக்கும். வரலாறும் அரசாங்கமும் உளவியலும் அந்த ஏணியில் ஒரு படியும் இல்லை. அவற்றை ஏற்றுக்கொண்டாலும் பொதுப் பாடம், விருப்பப் பாடம் என்ற பெட்டிக்குள்தான் போகும், அந்தப் பெட்டி எஞ்சினியரிங்கில் சின்னது. கொலேஜ் அல்ஜீப்ரா அதற்குள்ளும் போகாமல் வெளியே நிற்கலாம், ஏனென்றால் எஞ்சினியரிங் கணக்கு கல்குலஸிலிருந்துதான் தொடங்கும். ஆக 27ஐ ஏற்றுக்கொண்டு 12ஐயோ 15ஐயோ பட்டத்துக்குக் கழித்தால்கூட வருடம் அப்படியே நான்குதான். அதனால் பிரயோசனம் இல்லையா என்றால், இருக்கிறது: நாலைந்து அரையாண்டுகளில் ஐந்து பாடத்துக்குப் பதிலாக நான்கு எடுக்கலாம், மூச்சுவிட நேரம் கிடைக்கும், ஏதாவது ஒரு பாடம் சறுக்கினாலும் திரும்ப எடுக்க இடம் இருக்கும். வரலாறோ பொருளியலோ படிக்கப் போகும் பிள்ளை என்றால் கதை வேறு, அவளுக்கு ஒரு வருடம் குறைந்தாலும் குறையலாம்.

ஏபி தனிக் கதை. டூவல் கிரெடிட் என்பது உண்மையான கொலேஜ் பாடம், கொலேஜ் ட்ரான்ஸ்கிரிப்டில், அதாவது பாடங்களும் பெறுபேறும் உள்ள அதிகாரபூர்வத் தாளில், கிரேடோடு நிற்கும். ஏபி என்பது கொலேஜ் போர்ட் மே மாதத்தில் நடத்தும் பரீட்சை, 1 முதல் 5 வரை புள்ளி, அதற்கு எவ்வளவு தருவது என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அட்டவணை போட்டிருக்கும். கலிபோர்னியாவின் அரச யூசி பல்கலைக்கழகங்கள் 3 எடுத்தாலே கிரெடிட் தருகின்றன, ஆனால் அது எந்தப் பாடத்துக்குப் பதிலாக நிற்கும் என்பதை அந்தந்த வளாகம் முடிவு செய்யும். கனடாவில் பல இடங்களில் 4 கேட்பார்கள், உலக வரலாற்று 3 அங்கே சும்மா கிடக்கும். டார்ட்மத் போன்ற இடம் 2014இல் சேர்ந்த தொகுதியிலிருந்து ஏபிக்குப் பட்ட கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது. அதனால் "என் மச்சாளின் மகளுக்குக் கிடைத்ததே" என்று யாராவது சொன்னால், எந்தக் கம்பஸ், எந்த வருடம் என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் மகளின் கையில் இருப்பதில் பெறுமதி கூடியது அந்தக் கல்குலஸ் 4தான், ஏணியில் இருக்கும் படி அது ஒன்றுதானே. சேரும் கம்பஸ் அதை ஏற்று நேராகக் கல்குலஸ் இரண்டில் போடலாம் என்றால், உடனே தலையாட்டிவிட வேண்டாம். அவர்களுடைய கல்குலஸ் ஒன்றின் பழைய இறுதிப் பரீட்சைத் தாள் ஒன்றைத் தேடி எடுத்து, சாப்பாட்டு மேசையில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து செய்து பார்க்கச் சொல்லுங்கள். இலேசாக இருந்தால் தாண்டட்டும். கை நடுங்கினால் கிரெடிட்டை விட்டுவிட்டு முதலிலிருந்து எடுப்பது நல்லது. தாண்டிவிட்டு இரண்டாவதில் கோட்டை விட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன், அந்த ஒரு கிரேட் நான்கு வருடமும் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

இன்னும் சில விசயம், ஒழுங்கில்லாமல் ஞாபகம் வருகிற படியே சொல்கிறேன். ஒரே பாடத்தை டூவல் கிரெடிட்டிலும் ஏபியிலும் செய்திருந்தால் இரண்டுக்கும் கிரெடிட் தர மாட்டார்கள், ஒன்றுதான். சி கிரேடுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். சில இடங்களில், உதாரணமாக சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், வருடத்தை வேறு விதமாகப் பிரித்துப் பட்டத்துக்கு 180 என்று கணக்கு வைப்பார்கள். அங்கே 27 என்பது 40.5 ஆக மாறும். கூடிவிட்டது என்று சந்தோசப்பட்டு மாமி வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டாம், ஒன்றரையால் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். டூவல் கிரெடிட் கிரேடுகள் புதிய கம்பஸின் ஜிபிஏ என்கிற கிரேட் சராசரியில் பொதுவாகச் சேராது. ஆனால் பிற்காலத்தில் மகள் மனதை மாற்றி அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், 16 வயதில் எடுத்த அந்தக் கிரேடுகளையும் தோண்டி எடுத்துக் கூட்டுவார்கள்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மகள் இப்போது சும்மாதானே இருக்கிறாள் என்று இங்கே ஏதாவது ஒரு டிகிரிப் பாடத்தில் அவசரப்பட்டுப் பதிந்துவிடாதீர்கள். பள்ளியில் இருந்தபோது எடுத்த கொலேஜ் பாடங்களோடு விண்ணப்பித்தால் அமெரிக்காவில் பொதுவாக முதலாம் ஆண்டு மாணவி என்றுதான் எடுப்பார்கள். பள்ளி முடிந்த பிறகு கொலேஜ் பாடம் எடுத்தால் பல இடங்களில் மாற்றலாகி வரும் மாணவி என்ற வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். விதி வேறு, கடைசித் திகதி வேறு, சில உதவித்தொகைகளும் கை நழுவிப் போகும்.

இங்கேயே படிப்பது என்றால்: அரச பல்கலைக்கழகத்துக்கு உள்ளே போவது ஏ/எல் இசட் புள்ளியில், வெளிநாட்டில் படித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் தனி விண்ணப்ப வழி இருக்கிறது. எந்த வழியில் போனாலும் இந்த 27 கிரெடிட்டைக் காட்டி ஒரு வருடம் குறைக்கலாம் என்று நம்பிப் போக வேண்டாம். தனியார் இடம் என்றால் எழுத்தில் கேளுங்கள்.

எழுத்தில் என்றால் இப்படி: கம்பஸின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல், அதில் ஒவ்வொரு பாடத்தின் இலக்கம், கிரேட், எடுத்த அரையாண்டு, கூடவே சிலபஸ். "இவற்றை ஏற்பீர்களா" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், "இந்தத் துறைப் பட்டத்தில் எந்தப் பாடத்துக்குப் பதிலாக எண்ணுவீர்கள்" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் ஓம் என்பார்கள். டெக்சாஸ் ஆசிரியர்களிடமிருந்து சிலபஸ் எல்லாவற்றையும் இந்தக் கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடம் கழித்து அந்த மனுசரைத் தேடிப் பிடிக்க முடியாது.

*

மிஸ், போன இதழில் நீங்கள் "ட்ரான்ஸ்கிரிப்டை ஸ்கான் பண்ணி அனுப்பினால் போதும்" என்று எழுதியிருந்தீர்கள். மகனுடையதை அப்படி அனுப்பி, கிரெடிட் மதிப்பீடு செய்ய மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் வீண்.
– ஒரு தகப்பன், நுகேகொடை

என் பிழை ஐயா. நான் எழுதியது விண்ணப்பிக்கும் நேரத்துக்குப் பொருந்தும், ஸ்கானை வைத்துப் பல கம்பஸ்கள் அனுமதி தந்துவிடும். கிரெடிட் கணக்கெடுக்கும் நேரத்தில் ட்ரான்ஸ்கிரிப்ட் உங்கள் கை படாமல் போக வேண்டும்: கொலேஜிலிருந்து நேராக மின்னணு முறையில், அல்லது ஒட்டி முத்திரையிட்ட உறையில். உறை உங்கள் வீட்டுக்கு வந்தாலும் உடைக்கக் கூடாது, ஆசையாக இருக்கும், ஆனாலும் கூடாது. இந்த வித்தியாசத்தைப் போன முறையே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டூவல் கிரெடிட் செய்த பிள்ளைக்கு இரண்டு ட்ரான்ஸ்கிரிப்ட் இருக்கும், பள்ளியுடையது ஒன்று, கொலேஜுடையது ஒன்று. பள்ளித் தாளிலும் அந்தப் பாடங்களின் பெயர் இருப்பதால் அதுவே போதும் என்று நினைத்து அனுப்புகிறார்கள். போதாது. ஏபி புள்ளி மூன்றாவது தாள், அது கொலேஜ் போர்டிலிருந்து பிள்ளையின் சொந்தக் கணக்கு வழியாகப் போக வேண்டும்.

*

நான் இந்த முறை ஓ/எல் எழுதினேன். ஒரு தனியார் நிறுவனத்தில் போய் விசாரித்தோம். ஏ/எல் தேவையில்லை, ஆறு மாதம் பவுண்டேஷன், பிறகு எச்என்டி என்கிற உயர் தேசிய டிப்ளோமா, பிறகு லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் டொப்-அப், 20 வயதுக்குள் டிகிரி என்கிறார்கள். பவுண்டேஷனில் 60 கிரெடிட் கிடைக்கும், அதை எந்த நாட்டுக்கும் கொண்டுபோகலாமாம். அப்பா காசு கட்டத் தயார். உண்மையா மிஸ்?
– ஒரு மாணவன், கொட்டாஞ்சேனை

அப்பாவை ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்கள் தம்பி.

நீங்கள் சொன்ன பாதையே பொய் என்று நான் சொல்லவில்லை. எச்என்டியும் டொப்-அப்பும் படித்து நல்ல இடத்தில் இருக்கிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். பியர்சன் எச்என்டி என்றால் லெவல் 4இல் 120, லெவல் 5இல் 120, மொத்தம் 240 கிரெடிட். பிரித்தானிய ஹானர்ஸ் பட்டத்துக்கு 360. மீதி 120தான் டொப்-அப் என்று சொல்லும் அந்தக் கடைசி வருடம். கணக்கு பொருந்துகிறது. பொருந்தாதது பவுண்டேஷன்தான். அது உள்ளே போவதற்கான வாசற்படி, அங்கே ஏ/எல்லுக்குச் சமமான லெவல் 3இல் நிற்பது. அதன் தாளில் 60 என்று அச்சடித்திருந்தாலும் பட்டத்தின் 360இல் ஒன்றுகூட அதனால் குறையாது. "எந்த நாட்டுக்கும் கொண்டுபோகலாம்" என்றால் எங்கே போனாலும் வாசலில் காட்டலாம், அவ்வளவுதான்.

லெவல் இலக்கத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. நமது இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஓ/எல் 1, ஏ/எல் 2, டிப்ளோமா 3, உயர் டிப்ளோமா 4, சாதாரண பட்டம் 5, ஹானர்ஸ் பட்டம் 6. பிரித்தானியாவில் ஏ/எல்லே 3. ஆகவே ஒரு விளம்பரத்தில் "லெவல் 3" என்று கண்டால் எந்த நாட்டு 3 என்று கேட்க வேண்டும். அவர்களுடைய 3 நம்முடைய 2. இதைக் கேட்டதும் முன்னால் இருக்கும் ஆலோசகர் உள்ளே போய் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இப்போது கொத்துக் கதைக்கு வருவோம். 120 என்ற எண்ணைப் பாருங்கள். இலங்கையில் 120 கிரெடிட் என்றால் நான்கு வருட ஹானர்ஸ் பட்டம் முழுவதும். அமெரிக்காவிலும் 120 என்றால் முழுப் பட்டம். பிரித்தானியாவில் 120 என்றால் ஒரே ஒரு வருடம். ஏமாற்று ஒன்றும் இல்லை, ஒரு கிரெடிட்டுக்குள் போடும் மணித்தியாலம்தான் வேறு. இங்கே ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம், வகுப்பும் வீட்டுப் படிப்பும் எல்லாம் சேர்த்து. பிரித்தானியாவில் 10. அமெரிக்காவில் வாரம் ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி வீட்டில், அப்படி 15 வாரம் என்றால் ஏறத்தாழ 45. ஐரோப்பாவில் 25 முதல் 30 வரை. வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் இங்கே 30 தர 50, 1500 மணித்தியாலம். லண்டனில் 120 தர 10, 1200. எல்லாம் ஏறக்குறைய ஒரே மூட்டைதான், கொத்துதான் சிறிசு பெரிசு. இதை விளங்கிக்கொண்டால் "எங்களிடம் 240 கிரெடிட், அரச கம்பஸில் 120தான்" என்று யாராவது பெருமை அடிக்கும்போது சிரித்துக்கொண்டு எழும்பி வரலாம்.

என் அண்ணனின் மகன் இப்படித்தான் ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், இரண்டு வருடம் பவுண்டேஷனும் டிப்ளோமாவும் படித்தான். கையில் அழகான தாள், தங்க நிற முத்திரை. அவுஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம், பூச்சியம் கிரெடிட் என்று பதில் வந்தது. டிப்ளோமாவை வழங்கியது அந்த நிறுவனமே தவிர வேறு யாரும் இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் சின்னம் விளம்பரத்தில் இருந்தது, தாளில் இல்லை. நானும் கூடப் போய்த்தான் அவனைச் சேர்த்தேன், படித்த அத்தை என்று.

அதனால் கேட்க வேண்டியது: சான்றிதழை வழங்குவது யார், ட்ரான்ஸ்கிரிப்டை யார் அனுப்புவார், எந்த நாட்டு எந்த லெவல், டொப்-அப் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் போட்டு, இந்த நிறுவனத்தோடு உங்களுக்கு ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டத்தை இங்கே அங்கீகரிப்பதற்கு மானியங்கள் ஆணைக்குழு, அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் கைநூலிலோ இருக்கிறதா என்று பார்க்கும், அதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். அப்புறம் தம்பி, ஏ/எல் எழுதுவதில் உங்களுக்கு என்ன பயம் என்று கடிதத்தில் எழுதவே இல்லையே.

*

ஸ்கார்பரோவில் இருக்கும் அக்காவின் மகன் ஹைஸ்கூலிலேயே 30 கிரெடிட் முடித்துவிட்டானாம். என் மகன் ஏ/எல்லில் நிற்கிறான், கையில் ஒரு கிரெடிட்டும் இல்லை. பின்தங்கிவிட்டானா?
– ஒரு தாய், தெஹிவளை

இல்லை. ஒன்ராறியோவில் ஹைஸ்கூல் டிப்ளோமா எடுக்கவே 30 கிரெடிட் வேண்டும், ஒவ்வொன்றும் 110 மணித்தியாலம். அது பள்ளிக்கூடக் கிரெடிட், கம்பஸ் கிரெடிட் அல்ல. அக்காவின் மகன் பள்ளியை முடித்திருக்கிறான், சந்தோசம், வாழ்த்துச் சொல்லுங்கள். அங்கேயும் டூவல் கிரெடிட் என்று கொலேஜ் பாடம் எடுக்கும் வழி இருக்கிறது, ஆனால் அந்த 30 அது இல்லை. அக்காவிடம் இதைச் சொல்வதா விடுவதா என்பது உங்கள் குடும்ப விசயம்.

*

மிஸ், நான் லண்டன் ஏ/எல் செய்கிறேன், கணிதம், இரசாயனம், பொருளியல். எங்கள் பாடசாலையில் ஏபி இல்லை. அமெரிக்காவுக்குப் போனால் கிரெடிட் எடுக்க வெளியே எங்காவது ஏபி எழுத வேண்டுமா? உள்ளூர் ஏ/எல் செய்யும் என் சிநேகிதியும் கேட்கச் சொன்னாள்.
– ஒரு மாணவி, பம்பலப்பிட்டி

வேண்டாம் பிள்ளை, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையாதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பட்டம் நான்கு வருடம், ஏனென்றால் முதல் வருடத்தில் சொல்லித்தருவதில் ஒரு பங்கு நாம் ஏ/எல்லில் படிப்பதுதான். அது அவர்களுக்கும் தெரியும். ஆகவே பல பல்கலைக்கழகங்கள் ஏ/எல்லுக்கே கிரெடிட் தருகின்றன. கலிபோர்னியாவின் யூசியில் ஏ, பி, சி எடுத்த ஒவ்வொரு ஏ/எல் பாடத்துக்கும் அரையாண்டுக் கணக்கில் 8 கிரெடிட் தருகிறார்கள், மூன்று பாடம் என்றால் 24. ஏபி கல்குலஸ் (AB) பரீட்சைக்கு அங்கே கிடைப்பது 3 கிரெடிட்டுக்கும் குறைவு. பிரித்தானியாவுக்குப் போனால் ஏ/எல்லுக்கு ஒரு கிரெடிட்டும் கிடையாது, அங்கே அதுதான் வாசற்படி, பட்டமும் மூன்றே வருடம்.

கிரெடிட் வேண்டுமென்றால் கடைசிச் சான்றிதழ் வேண்டும், எதிர்பார்க்கும் பெறுபேறு போதாது. அனுமதி கிடைத்த சந்தோசத்தில் சான்றிதழை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு விமானம் ஏறிய பிள்ளைகள் இருக்கிறார்கள், முதல் அரையாண்டுப் பாடங்களைப் பதியும் நாளில்தான் ஞாபகம் வரும், அதற்குள் ஏற்கனவே படித்த இரசாயனத்தையே இன்னொரு தடவை எடுத்துக்கொண்டிருப்பார்கள். பாடவிதானத்தையும் கூடவே கொண்டுபோங்கள்.

சிநேகிதிக்கு: உள்ளூர் ஏ/எல்லையும் சில இடங்கள் பார்க்கும், ஆனால் லண்டன் ஏ/எல்லுக்கு இருப்பதுபோல அட்டவணையில் பெரும்பாலும் பெயர் போட்டிருக்காது, அவளே கேட்டு வாங்க வேண்டும். பத்தரமுல்லை, பெலவத்தையில் இருக்கும் பரீட்சைத் திணைக்களத்தின் வழியாகப் பெறுபேற்றை உறுதிப்படுத்தி அனுப்புவது, தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பாடவிதானம் என்றால் அதை ஆங்கிலத்தில் எடுப்பது, இரண்டையும் இப்போதே தொடங்கட்டும். சில கம்பஸ்கள் வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை கேட்கும், சில தாங்களே பார்க்கும். கேட்காத இடத்துக்குக் காசு கட்டி வெஸ் செய்ய வேண்டாம், அது இலவசம் இல்லை, டொலரில் போகும்.

*

ஏ/எல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை இருக்கிறேன். இந்த மாதங்களில் ஏதாவது படித்துப் பிறகு கம்பஸில் கழிக்க முடியுமா? யூசிஎஸ்சி என்கிற கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி, கணக்கியல் தகைமையான ஏசிசிஏ, மொறட்டுவை கம்பஸ் இணையத்தில் இலவசமாக நடத்தும் ஃபுல் ஸ்டாக் பயிற்சி, இந்த மூன்றும் மனதில் இருக்கின்றன.
– ஒரு மாணவன், மட்டக்குளி

மூன்றும் மூன்று சாதி தம்பி. மொறட்டுவைப் பயிற்சி நல்லது, செய்யுங்கள், காசும் இல்லை. பட்டக் கிரெடிட்டாக நினைத்துச் செய்ய வேண்டாம், கோட் எழுதத் தெரியவரும் என்பதற்காகச் செய்யுங்கள். ஏசிசிஏயில் கிரெடிட் என்று சொல்ல மாட்டார்கள், எக்ஸெம்ப்ஷன் என்பார்கள், அதுவும் பெரும்பாலும் ஓடுவது மற்றப் பக்கம்: வணிகப் பட்டம் முடித்தவனுக்கு ஏசிசிஏயில் தாள்கள் குறையும். குறைத்த ஒவ்வொரு தாளுக்கும் கட்டணம் உண்டு என்பதை முதல் நாளில் யாரும் சொல்வதில்லை. ஏசிசிஏ தாள்களைக் காட்டிப் பட்டத்தில் பாடம் குறைப்பது தனியார் இடங்கள் சிலவற்றில் நடக்கும், அதற்கும் மேலே வெள்ளவத்தைத் தாய்க்குச் சொன்ன மின்னஞ்சல்தான்.

உண்மையில் கிரெடிட் சேர்வது பிஐடியில். அது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம், வகுப்புக்கு எங்கே போனாலும் பரீட்சை வைப்பது பல்கலைக்கழகம். முதல் வருடத்தோடு நின்றால் டிப்ளோமா, இரண்டாவதோடு உயர் டிப்ளோமா, மூன்றும் முடித்தால் பட்டம். இடையில் நிறுத்தினாலும் வெறுங்கையோடு போகாமல் இருக்கலாம், எனக்கு அதில் பிடித்ததே அதுதான். ஆனால் இசட் புள்ளி நன்றாக வந்து அரச கம்பஸில் உள்வாரியாக இடம் கிடைத்தால், பிஐடியில் செய்த பாடங்களைக் காட்டி அங்கே ஒரு வருடம் குறைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அங்கே முதலாம் ஆண்டு எல்லோருக்கும் முதலாம் ஆண்டுதான்.

பதிவு எப்போது திறக்கிறது, ஏ/எல் பெறுபேறு இல்லாமல் சேர என்ன தகைமை கேட்கிறார்கள் என்பதை யூசிஎஸ்சியின் இணையத்தளத்திலேயே பாருங்கள், ரியூசன் கிளாஸ் நோட்டீஸில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். நேரில் கேட்பதென்றால் ரீட் அவெனியூவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தப் பக்கம் மாட்டினால் மட்டக்குளிக்குத் திரும்பி வர இருட்டிவிடும்.